அப்பாவைக் கரையேற்றிய சனிக்கிழமை

அந்த வார இறுதியில் நடந்தவை, வரிசைப்படி:

1. சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் ட்ராம் ஏறிக் கடலுக்குப் போனோம்.
2. நான் டச்சு மொழியில் ஒரு கேள்வி கேட்டேன். பதிலும் டச்சு மொழியிலேயே வந்தது.
3. அந்தப் பதிலை அப்பாவுக்குத் தமிழில் தவறாகச் சொன்னேன்.
4. கடல் அப்பாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனது.
5. செங்கல்பட்டிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்த அம்மாவுக்கு வானம் மட்டும் தெரிந்தது.
6. பத்து நாட்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்பாவிடம் சொன்னேன். சொல்வதற்கு நான் தேர்ந்தெடுத்திருந்த இடம் அதுவல்ல.
7. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்.

பட்டியல் போடும் புத்தி அப்பா கொடுத்தது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தார். விடியற்காலையில் ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவார். அவர் சரிபார்த்த எதன் மேலும் பச்சை மையில் ஒரு டிக், பக்கத்தில் ‘க.மு.’ என்று அவர் பெயரின் இரண்டு எழுத்து. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேனா சட்டைப் பையிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் முதல் என் கணக்கு நோட்டு வரை அந்த டிக் விழாத பொருள் கிடையாது. நான் கல்லூரிக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸின் மூடியில்கூட ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி டிக் போட்டு அனுப்புவார். மூடி சரியாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் இருப்பது நெதர்லாந்தில், டெல்ஃப்ட் என்ற ஊரில். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறேன். தண்ணீர் எங்கிருந்து எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்று கணக்கிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

கிளம்பி வந்தபோது வீட்டில் சொன்னது இரண்டு வருடம். இந்தக் கோடையோடு ஐந்து முடிகிறது. ஐந்து வருடம் முடிந்து, மொழித் தேர்விலும் தேறிவிட்டால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நான் தேறிவிட்டேன். நிரப்பிய விண்ணப்பம் மேசை இழுப்பறையில் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. செங்கல்பட்டில் மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டி, போன வருடம்தான் டைல்ஸ் போட்டு முடித்திருந்தார்கள்.

அப்பா பதினைந்து நாள் என்னோடு தங்க வந்திருந்தார். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. இங்கே கோடை தொடங்கும்போது அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிடுகிறது, அதனால் அவளால் வர முடியவில்லை. அப்பா புதன்கிழமை திரும்புவதாக இருந்தது. அதற்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். திட்டம் இதுதான்: ஞாயிறு மதியம், நல்ல சாப்பாடு, வத்தக்குழம்பு, அப்பளம், பிறகு விஷயம். சனிக்கிழமை வெறும் கடல்.

கடல் என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதிதான். முட்டிக்கு மேல் நனையக் கூடாது. காணும் பொங்கலுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போவோம். கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அப்பா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலை தொடும் இடத்தில் கோடு மாதிரி நிற்பார், நான் அவருக்கு இந்தப் பக்கம். ‘முட்டி நனஞ்சிதுனா வூட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான்’ என்பார். ஒரு வருடம் எனக்கு நனைந்தது. உண்மையாகவே கிளம்பினோம். சுண்டல்கூட வாங்கவில்லை.

ஆகவே கல்லூரி கடைசி வருடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மாமல்லபுரத்துக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போனதை நான் வீட்டில் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் என்று சொன்னேன். சொல்லிக்கொடுத்தவள் தேவி. மீனவக் குப்பத்துப் பெண், என் வயதுதான். பயிற்சியாளருக்குரிய பொறுமை என்று ஒன்று அவளிடம் இருந்ததே இல்லை. முதல் நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு நான் நேராக ஓர் இடத்தைப் பார்த்து நடந்தேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் தெரு அகலத்துக்குத் தண்ணீர் வழவழவென்று இருந்தது.

“ஏ, எங்க போற?”

“அங்க அலை கம்மியா இருக்கே.”

“சோக்கா ரோடு போட்டா மாதிரி கீது இல்ல? அதான்டி இழுப்பு. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாதான் திரும்பிப் போவுது. அங்க எறங்கினா நேரா அந்தமான். போறது ஃப்ரீ. திரும்பி வர்றதுக்குதான் டிக்கெட்டு.”

“மாட்டிக்கிட்டா?”

“கரையப் பாத்து நீந்தாத. நீந்துனா தொலஞ்ச. இழுக்குற வரைக்கும் வுடு, அப்பால பக்கவாட்ல நழுவு. இன்னா, நோட்ல எழுதிக்கிறியா?”

அன்று வீட்டுக்குப் போய் உண்மையிலேயே எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. ட்ராமில் பாதிப் பேர் வெறுங்காலோடு இருந்தார்கள். கடற்கரையில் இருக்கும் குடிசைக் கடையில் பலகையும் ரப்பர் உடுப்பும் வாடகைக்கு எடுத்தேன். அப்பாவுக்கு இதை எப்படி விளக்குவது என்று ஒரு வாரம் யோசித்து, விளக்காமலே இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கை மூட்டருகே துணியைக் கிள்ளி இழுத்துவிட்டார்.

“நியோப்ரீன். நம்ப ப்ளாண்ட்ல கேஸ்கெட்டுக்குப் போடுவோம். இத இன்னாத்துக்கு நீ மாட்டிகினு கீற?”

“தண்ணி குளிரும்பா. கொஞ்ச நேரம் அலையில விளையாடிட்டு வர்றேன்.”

“முட்டிக்கு மேலயா?”

“கொஞ்சம் மேல.”

இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் எந்த விதி செல்லும் என்று தெரியாமல் நின்றார் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பான இடத்தைக் காட்ட நட்டிருந்த இரண்டு கொடிகளுக்குப் பக்கத்தில் கடற்கரைக் காவலன் ஒருவன் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் வந்து நின்றான். உயரமானவன், மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில்தான் வணக்கம் சொன்னான். நான் விடுவேனா? தேர்வில் தேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சுத்தமான டச்சில், என் அப்பா நின்று வேடிக்கை பார்க்க எந்த இடம் நல்லது என்று கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். இடது பக்கம் கை காட்டி, டச்சிலேயே மளமளவென்று சொன்னான். காற்று பாதியைக் கொண்டுபோய்விட்டது. ‘அங்கே’ என்பதும் ‘மோய்’ என்பதும் என் காதில் விழுந்தன. மோய் என்றால் அழகு. வகுப்பில் கற்றுத்தந்த முதல் பத்துச் சொற்களில் ஒன்று. நன்றி சொன்னேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

“இன்னா சொல்றான்?”

“அந்தப் பக்கம் அழகா இருக்குமாம்பா. அங்க நில்லு. நான் இந்தக் கொடிங்க நடுவுல இருப்பேன்.”

நான் கடலைப் பார்க்கவில்லை. மாமல்லபுரத்தில் என்றால் மொழியே தேவைப்பட்டிருக்காது, தண்ணீரைப் பார்த்திருப்பேன். இங்கே ஐந்து வருடமாக எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லைத்தான் பார்க்கிறேன். பால் பாக்கெட், ட்ராம் அறிவிப்பு, வாடகைக் கடிதம், எல்லாமே முதலில் சொல், பிறகுதான் பொருள். அது பழகிப்போய்விட்டது.

அடுத்த அரை மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். இடுப்பளவு அலைகள், ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. மூன்று அலைகளில் எழுந்து நின்றேன். மூன்றாவது என்னைக் கிட்டத்தட்ட மணல் வரை கொண்டுவந்து விட்டது. வாரம் முழுக்கத் திரையில் தண்ணீரின் வரைபடத்தைப் பார்க்கிறவளுக்கு, தண்ணீரே வந்து முதுகில் தள்ளிவிடுவதில் இருக்கும் சுகம் தனி. சிரித்துக்கொண்டே அப்பாவைத் தேடித் திரும்பினேன்.

கரையில் அவர் இல்லை. இடது பக்கம், இரண்டு நுரை வரிசைகளுக்கு நடுவில் வழவழவென்று ஒரு தெரு. அந்தத் தெருவில் கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு தலை. தலைக்கு மேல் நீட்டிய ஒரு கை. கையில் செல்போன்.

பின்னால் அவரே சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. அம்மாவுக்குக் கடலைக் காட்ட வீடியோவில் அழைத்திருக்கிறார். முட்டி வரைதான் நின்றிருக்கிறார். ‘இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க’ என்று அம்மா சொல்ல, அவர் ஒரு அடி எடுத்து வைக்க, காலடியில் மணல் திட்டு முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு நீச்சல் தெரியும். அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றில் கற்றவர். கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் கல் கைக்கு வரும். அந்த நம்பிக்கையோடு அவர் கரையைப் பார்த்து ஒரு கையால் அடித்துக்கொண்டே இருந்தார். கரை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் காவல் கோபுரத்தைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி அசைத்தேன். பிறகு பலகையில் குப்புறப் படுத்து, அந்த இழுப்புக்குள்ளேயே இறங்கினேன். அது என்னையும் அள்ளிக்கொண்டு போனது. அவர் முகம் தெரியும் தூரம் வந்ததும் கத்தினேன்.

“அப்பா! கரைய பாக்காத! நீந்தாத! சும்மா மெதந்துகினு இரு!”

அவர் நீந்துவதை நிறுத்தவில்லை. எனக்குப் பதில் சொன்னது போன்தான்.

“யாரு கத்தறது, பானுவா? இன்னாங்க, எவ்ளோ நேரமா ஆகாசத்தையே காட்டிகினு கீறீங்க?”

“கடலு…” என்றார் அப்பா. வாயில் தண்ணீர். “கடலுதான்… காட்டிகினு…”

பலகையை அவர் நெஞ்சுக்குக் கீழே தள்ளினேன். அவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தார், போனோடு சேர்த்து. நான் போனை வாங்கினேன்.

“அம்மா, சிக்னல் இல்ல. அப்புறம் பேசறேன்.”

“சிக்னல் இல்லன்னா எப்டிடி பேசற?”

அழைப்பைத் துண்டித்து, போனை என் உடுப்பின் கழுத்துக்குள் செருகினேன்.

தேவி சொன்னபடிதான் எல்லாம். அலைகள் உடையும் கோட்டைத் தாண்டியதும் இழுப்பு தளர்ந்தது. அங்கே கடல் ஏரி மாதிரி கிடந்தது. அப்பா பலகை மேல் படுத்திருந்தார். நான் தண்ணீரில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் காவலர்களின் ரப்பர் படகு மணலிலிருந்து கிளம்புவது தெரிந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் உதடு நீலமாக இருந்தது, ஆனால் புருவத்தைச் சுருக்கிப் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி போயிற்று.

“எங்க கத்துகின இத?”

“மாமல்லபுரத்துலப்பா. கடைசி வருஷம்.”

“கடைசி வருஷம் ப்ராஜெக்ட்டுன்னு இல்ல போன?”

“அதான் ப்ராஜெக்ட்.”

“ஆறு வாரம். நா டிபன் பாக்ஸ்ல டிக் வேற போட்டு அனுப்சன்.” கொஞ்ச நேரம் கழித்து, “வேற இன்னா இன்னா ப்ராஜெக்ட்டு கீது, இப்பவே சொல்லிடு” என்றார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் வத்தக்குழம்பு, அப்பளம், ஞாயிறு மதியம் எல்லாம் அந்த நிமிடம் அபத்தமாகப் பட்டது. சொல்லிவிட்டேன். தேர்வில் தேறியது, இழுப்பறையில் இருக்கும் விண்ணப்பம், இங்கேயே இருந்துவிட விரும்புவது, எல்லாம் நான்கு வாக்கியத்தில்.

அப்பா கரையைப் பார்த்தார். படகு அலையில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது.

“லீவுக்கு வருவியா?”

“வருஷா வருஷம் வருவேன்பா.”

“லீவுக்கு வர்றவங்கள விருந்தாளின்னு சொல்வாங்க, பானும்மா.”

நான் பலகையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

படகு வந்தது. மூக்குத் தோலுரிந்தவனேதான். அப்பாவை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். அப்பா பலகையை விடவில்லை. “இவளே கூட்டிகினு வந்தா, இவளே கொண்டுபோய் வுடட்டும்” என்றார். கோபத்தில் சொன்னாரா, சவாலாகவா என்று எனக்கு விளங்கவில்லை. காவலனுக்கு நான் கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்தேன். அவன் அப்பாவின் கண்ணையும் மூச்சையும் பார்த்துவிட்டு, சரி, நான் பக்கத்திலேயே வருகிறேன் என்றான். கொடிகள் இருந்த பக்கமாக நகர்ந்து, சின்ன நுரை அலை ஒன்று வரும்வரை காத்திருந்து, “கெட்டியா புடிச்சுக்கோ” என்று பலகையைத் தள்ளிவிட்டேன். அப்பா ஒரு சத்தம் போட்டார். அறுபது வயதில் முதல் அலை. குப்புறப் படுத்தபடியே மணல் வரை போய்ச் சேர்ந்து, எழுந்து, பேன்ட்டில் மணலைத் தட்டினார்.

கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, காவலன் என்னிடம் வந்தான். அங்கே மட்டும் போகாதீர்கள் என்றுதானே சொன்னேன் என்றான். ஈர மணலில் விரலால் இரண்டு சொற்களை எழுதினான். முதல் சொல்லின் நடுவில் இரண்டு முட்டை, அதாவது இரண்டு ‘o’. அதுதான் மோய், அழகு. இரண்டாவதில் முட்டைகள் இல்லை, கிண்ணம் மாதிரி ஒரு ‘u’ மட்டும். அதை அவன் மௌய் என்பது போல ஏதோ சொன்னான். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. திட்டுகளுக்கு நடுவே கடல் திரும்பிப் போகும் வழிக்கு அந்தப் பெயராம். தேவி சொன்ன அதே ரோடு.

“அழகுன்னு சொன்ன?” என்றார் அப்பா.

“தப்பா கேட்டுட்டேன்பா. இழுப்புன்னு சொல்லியிருக்கான்.”

அப்பா அந்த வழவழப்பான தெருவை நிதானமாகப் பார்த்தார். “பாக்க அழகாதான் கீது. நீ முழுசா தப்பா சொல்லல.”

அவ்வளவுதான். ட்ராமில் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, வெளியே நல்ல வெயில் இருக்கும்போதே படுத்துவிட்டார். நான் பாத்திரத்தைத் துலக்கிவிட்டு, துலக்கியதையே இன்னொரு முறை துலக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்தபோது பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் விண்ணப்பம், கையில் பச்சைப் பேனா. இழுப்பறையில் இருந்து அவரே எடுத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு டிக்.

“அப்பா, அது அரசாங்க விண்ணப்பம். அதுல எழுதக் கூடாது.”

“கூட நீ வெச்சிருந்த ஜெராக்ஸுலதான் போட்டுகினு கீறேன். எனுக்குத் தெரியாதா?” கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் டிக் இல்லை, ஒரு வட்டம். “இது இன்னா? பொறப்பு சர்ட்டிபிகேட்ல காஞ்சிபுரம் மாவட்டம். பாஸ்போர்ட்ல செங்கல்பட்டு மாவட்டம். ரெண்டு எடத்துல பொறந்தியா நீ?”

நான் கவனித்திருக்கவில்லை. இடையில் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள். ஊர் அங்கேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறியது.

“இப்டியே அனுப்சா ரிஜெக்ட். ரெண்டும் ஒரே ஊருதான்னு அங்கேர்ந்து ஒரு லெட்டர் வாங்கணும்.” பேனாவை மூடினார். “நா போய் வாங்கி அனுப்பறேன். அதுவரைக்கும் அனுப்பாத.”

காபி போட்டுத் தருகிறேன் என்றேன். சர்க்கரை கம்மியாக என்றார்.

பிறகு அம்மாவுக்கு அழைத்தோம். இதை நீதான் சொல்ல வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னேன். திரையில் அம்மா நீண்ட நேரம் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“மாடி ரூமுக்கு நேத்துதான்டி ஏசி மாட்னாங்க” என்றாள்.

“வந்தா அங்கதாம்மா படுப்பேன்.”

“வந்தா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. “அப்ப உன்ன எப்பதான்டி கரையேத்தறது? வர்ற வரனெல்லாம் பொண்ணு எப்ப வர்துன்னுதான் கேக்கறான்.”

“அத வுடு,” என்றார் அப்பா, “அவ நேத்து என்னியே கரை…”

நான் அவர் காலை மிதித்தேன். அப்பா இருமினார்.

“இன்னாங்க?”

“கரை… கரையில உக்கார வெச்சி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தான்னு சொல்ல வந்தன்.”

மதியம் திட்டமிட்டபடி வத்தக்குழம்பு வைத்தேன். சாப்பிட்டதும் அப்பா மறுபடி கடலுக்குப் போகலாம் என்றார். போனோம். கொடிகளுக்கு நடுவில், முட்டி வரை நின்றார். பக்கத்தில் நான் நின்றேன். ஒரு பெரிய அலை வந்து இருவருக்கும் இடுப்பு வரை நனைந்தது. அவர் கிளம்பச் சொல்லவில்லை.

இப்போதைய நிலவரம்: அப்பா ஊர் திரும்பி, செங்கல்பட்டில் இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய் அந்தக் கடிதத்தை வாங்கிவிட்டார். போன வாரம் எனக்கு வந்து சேர்ந்தது. உறையின் மூலையில் பச்சை மையில் ஒரு டிக், பக்கத்தில் க.மு. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பதில் வர மாதங்கள் ஆகும். பொங்கலுக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். போகும்போது அப்பாவைத் தேவியிடம் கூட்டிப்போவதாகப் பேச்சு. மாடி அறைக்கு அம்மா திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள். கடலில் நடந்தது மட்டும் அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இது வெளியாகும் இந்தப் பத்திரிகையை அவள் ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவள். எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுது, எந்த வாரம் வருகிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல் என்றார். சொல்லிவிட்டேன். இந்த வாரம் முழுக்க அவர் அச்சரப்பாக்கத்தில், சித்தப்பா வீட்டில் இருக்கிறார்.